742 கி.மீ உயரத்திலிருந்து காசிமேட்டுக் கடலை அளப்பது எப்படி?

2022 நவம்பர் 26, சனிக்கிழமை. காலை 11.56 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி-சி54 ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் நாள் என்றால் பழவேற்காடு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாது. எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு வடக்கு வானத்தில் ஒரு புகைக்கோடு தெரியும். மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் கூச்சல், செல்போனில் ஒரு வீடியோ. அப்புறம் அவரவர் வேலை.

அன்று அந்த ராக்கெட் சுமந்துபோனது இ.ஓ.எஸ்-06 என்ற செயற்கைக்கோளை. ஓஷன்சாட்-3 என்றும் சொல்வார்கள். எடை 1,117 கிலோ. கடலைப் பார்ப்பதுதான் அதன் வேலை. தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது, அதன் மேல் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று அளந்துகொண்டே பூமியைச் சுற்றுகிறது. காசிமேட்டில் ஒரு விசைப்படகின் டிரைவர் டீசலும் ஐஸும் ஏற்றுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள நினைப்பதும் ஏறக்குறைய இதையேதான்.

ராக்கெட் மேலே போவதை எல்லோரும் பார்க்கிறோம். போன பிறகு, கடலில் ஒரு தெர்மாமீட்டரைக்கூட நனைக்காமல் 742 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது எப்படி அளக்கிறது? அளந்தது படகுக்கு வந்து சேர்கிறதா? முதல் கேள்வி அறிவியல். இரண்டாவது கேள்விக்கு உயிர்களே விலையாகப் போயிருக்கின்றன.

தண்ணீர் சிலிர்த்தால் காற்று

காற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. செயற்கைக்கோளாலும் முடியாது. அது பார்ப்பது தண்ணீரின் தோலை.

காற்றே இல்லாத நேரத்தில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். லேசாக ஒரு காற்று தொட்டதும் மேற்பரப்பு சிலிர்த்துக்கொள்ளும். பெரிய அலைகளைச் சொல்லவில்லை. அலையின் முதுகில் விரலளவு இடைவெளியில் ஓடும் குட்டிக் குட்டி நெளிவுகள். தூரத்தில் தண்ணீர் கறுத்துத் திட்டாக வருவதைப் பார்த்தே 'காத்து வருது' என்று படகில் சொல்லிவிடுவார்கள். அந்தத் திட்டு, இந்த நெளிவுகளால் ஆனது.

செயற்கைக்கோளில் உள்ள ஸ்கேட்டரோமீட்டர் என்ற கருவியும் அதைத்தான் படிக்கிறது. அது ஒரு வகை ரேடார். சுமார் 2 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள நுண்ணலையைக் கடல்மீது சாய்வாக அனுப்புகிறது. கண்ணாடிமேல் சாய்வாக டார்ச் அடித்தால் வெளிச்சம் எதிர்ப்பக்கம் போய்விடும், கையில் இருப்பவருக்குத் திரும்ப வராது. அமைதியான கடலும் அப்படித்தான். சிலிர்த்த கடல், மணல்தாள் மாதிரி. விழுந்த அலையில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பி அனுப்பும். காற்று கூடக்கூட, திரும்பி வருவதும் கூடும். நெளிவுகள் காற்றின் போக்கில் ஒரு மாதிரியும் குறுக்கில் வேறு மாதிரியும் எதிரொலிப்பதால், கருவியின் வட்டத்தட்டு சுழன்று ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்த்துத் திசையையும் கண்டுபிடிக்கிறது. வாடையா, கொண்டலா, கச்சானா என்பது இப்படித்தான் மேலே தெரிகிறது.

மேகம் இருந்தாலும் இரவானாலும் இந்த ரேடாருக்குக் கவலையில்லை. ஆனால் கனமழை அதைக் குழப்பும். இன்னொரு பெரிய குறையும் உண்டு. ஒரு அளவீடு என்பது சுமார் 25 கிலோமீட்டர் சதுரத்தின் சராசரி. கரைக்குப் பக்கத்தில் அந்தச் சதுரத்துக்குள் நிலமும் வந்துவிடும். நிலத்திலிருந்து வரும் எதிரொலி கடலின் எதிரொலியைக் கெடுத்துவிடும். ஆக, திருவொற்றியூர் குப்பங்களிலிருந்து விடிகாலையில் ஃபைபர் படகில் கிளம்பி மதியத்துக்குள் திரும்புகிறவர் தொழில் செய்யும் அதே கடல்தான் இந்தக் கருவிக்குச் சரியாகத் தெரியாத கடல். ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுக்கு உதவும் அளவுக்குச் சின்னப் படகுக்கு வானம் உதவுவதில்லை.

இந்த யோசனை முதலில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது, அமெரிக்கா 1978-ல் அனுப்பிய சீசாட் செயற்கைக்கோளில். சுமார் மூன்றரை மாதத்தில் மின்சாரக் கோளாறால் அது செத்துப்போனது. ஆனால் அந்த மூன்றரை மாதம் போதுமானதாக இருந்தது. கடல் அளக்கும் கருவிகளில் பாதிக்கு அதுதான் பாட்டி. அடுத்த ஆண்டே, 1979 ஜூன் 7 அன்று, இந்தியாவின் பாஸ்கரா-1 சோவியத் ராக்கெட் ஒன்றில் போனது. அதிலும் கடலுக்கென்று ஒரு நுண்ணலைக் கருவி இருந்தது. 1999-ல் ஓஷன்சாட்-1. 2009 செப்டம்பரில் ஓஷன்சாட்-2. ஸ்கேட்டரோமீட்டருடன் போன முதல் இந்தியக் கோள் அது. 2012-ல் அமெரிக்காவை உலுக்கிய சாண்டி புயலின் காற்றை நாசா படம் போட்டுக் காட்டியபோது, அந்தத் தரவு வந்தது இந்த இந்தியக் கருவியிலிருந்து.

அந்தக் கருவி 2014 பிப்ரவரியில் நின்றது. மாற்றாக ஸ்கேட்சாட்-1 போனது 2016 செப்டம்பர் 26 அன்று. நடுவில் இரண்டரை ஆண்டு, வங்கக் கடலின் காற்றுக்கு ஐரோப்பியக் கோள்களை நம்பி இருக்க வேண்டியிருந்தது. விசாகப்பட்டினத்தைப் பிய்த்துப்போட்ட ஹூட்ஹூட் வந்தது அந்த இடைவெளியில்தான். ஸ்கேட்சாட்-1 மேலே போய் மூன்று மாதம் ஆவதற்குள், 2016 டிசம்பர் 12 அன்று, வர்தா சென்னைக்கே வந்தது. அன்று மதியம் காற்று அப்படியே நின்று, அரை மணி கழித்து எதிர்த் திசையிலிருந்து அடித்தது சென்னைக்காரர்கள் பலருக்கும் நினைவிருக்கும். புயலின் கண் தலைக்கு மேல் கடந்துபோன நேரம் அது.

மீன் தெரியாது, மீனின் சாப்பாடு தெரியும்

செயற்கைக்கோள் மீனைப் பார்த்துச் சொல்கிறது என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இல்லை. மீன் எங்கே சாப்பிட வரும் என்பதைத்தான் அது ஊகிக்க உதவுகிறது.

கடலில் எல்லா உணவுக்கும் ஆரம்பம் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள். செடிகளைப் போலவே அவற்றிலும் பச்சையம் உண்டு. பாசி அதிகமிருந்தால் தண்ணீரின் நீலத்தில் பச்சை ஏறும். ஓஷன்சாட் கேமரா அந்த நிற மாற்றத்தை அளக்கிறது. இது சொல்வதற்குச் சுலபம். கடலை நோக்கி இருக்கும் கேமராவுக்கு வந்து சேரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் நடுவில் இருக்கும் காற்றிலும் தூசியிலும் சிதறி வந்தது. மீதிப் பத்தில்தான் கடலின் சேதி இருக்கிறது. பெரியதைக் கழித்துச் சிறியதைப் பிரித்தெடுப்பதுதான் விஞ்ஞானிகளின் உண்மையான வேலை.

அடுத்தது சூடு. கடல் தன் வெப்பத்துக்கு ஏற்ப அகச்சிவப்புக் கதிரை விட்டுக்கொண்டே இருக்கிறது. அதை அளந்தால் மேற்பரப்பின் வெப்பநிலை கிடைக்கும். மேற்பரப்பு என்றால் நிஜமாகவே மேற்பரப்பு. ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று இந்தக் கண்ணுக்குத் தெரியாது.

தென்மேற்குப் பருவக்காலத்தில் மெரினாவிலோ காசிமேட்டிலோ கால் நனைத்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். வெளியே வெயில் கொளுத்தும், தண்ணீர் மட்டும் சில நாட்களில் சில்லென்று இருக்கும். கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்காக வீசும் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து மேல்தண்ணீரைக் கரையிலிருந்து வெளியே தள்ளுகின்றன. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலேறி வருகிறது. வரும்போது அடியில் தங்கிய சத்துகளையும் கொண்டுவருகிறது. சத்து வந்தால் பாசி, பாசி வந்தால் நெத்திலியும் மத்தியும், அவற்றைத் தேடி வஞ்சிரமும் சூரையும். குளிர்ந்த தண்ணீரும் சூடான தண்ணீரும் சந்திக்கும் எல்லைக்கோடு, நிறம் மாறும் எல்லைக்கோடு, இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே வலை போட்டுப் பார்க்கலாம்.

ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், இந்தக் கோடுகளைத்தான் மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி என்று அறிவிக்கிறது. கரையிலுள்ள ஒவ்வொரு மீன் இறங்குதளத்தின் பெயரையும் போட்டு, அங்கிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர் தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று தமிழிலும் தருகிறது. கூடவே அட்சரேகை, தீர்க்கரேகை. ஜி.பி.எஸ் வைத்திருக்கும் டிரைவருக்கு அது போதும்.

இந்த அறிவிப்பை வைத்துத் தொழிலுக்குப் போனால் மீன் தேடும் நேரம் 30 முதல் 70 சதவீதம் வரை குறைகிறது என்பது இன்காய்ஸ் சொல்லும் கணக்கு. முப்பதுக்கும் எழுபதுக்கும் நடுவில் ஒரு கடலே இருக்கிறது என்று காசிமேட்டில் யாராவது கேட்டால் தப்பில்லை. எந்த மீன், எந்த வலை, எந்த மாதம் என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். மேல்மட்டத்தில் கூட்டமாகத் திரியும் மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்றவற்றுக்கு இது நன்றாகப் பொருந்தும். இழுவலையோடு அடித்தரையை வாரும் படகுக்கு, இறாலும் நண்டும் கடம்பாவும் தேடிப் போகிறவருக்கு, மேற்பரப்பின் நிறம் சொல்லும் சேதி குறைவு. காசிமேட்டில் பெரும்பாலும் இழுவலைப் படகுகள்தான் என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது.

மேகம் மூடினால் இந்த இரண்டு கண்களும் மூடிக்கொள்ளும். நிறமும் தெரியாது, அகச்சிவப்பும் ஊடுருவாது. வடகிழக்குப் பருவமழையில் நாள்கணக்காக வானம் மூடிக் கிடக்கும்போது அறிவிப்பு வராமலும் போகலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அறிவிப்பை இன்காய்ஸே நிறுத்திவிடும். அது சரியான முடிவும்கூட. மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் அது எங்கே கூடும் என்று ஊருக்கெல்லாம் சொல்வதில் நியாயமில்லை.

எண்ணெய் மூடினால் கடல் கறுப்பு

காற்றை அளக்க உதவிய அந்தக் குட்டி நெளிவுகள் எண்ணூர்க்காரர்களுக்கு வேறொரு விதத்திலும் சம்பந்தப்பட்டவை.

2017 ஜனவரி 28 அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் கரையோரமாகவே தெற்கே இறங்கி, எர்ணாவூர், திருவொற்றியூர் தாண்டி மெரினா வரை வந்தது. பாறைகளுக்கு நடுவில் தார் மாதிரி உறைந்த கழிவை ஆட்கள் பக்கெட்டில் அள்ளியதை நாடே டி.வி-யில் பார்த்தது.

தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்தால் நெளிவுகள் அடங்கிவிடும். காற்று வீசினாலும் அந்த இடம் மட்டும் வழவழப்பாகக் கிடக்கும். ரேடார் கேமரா வைத்த செயற்கைக்கோள் மேலிருந்து படம் எடுத்தால், சுற்றிலும் சாம்பல் நிறக் கடல், நடுவில் கறுப்பாக ஒரு கறை. ஐரோப்பாவின் சென்டினல்-1 இந்த வகைதான். எண்ணூர்க் கசிவின்போது அது எடுத்த படத்தோடு, எண்ணெய் எப்படி நகரும் என்று தாங்கள் கணினியில் போட்ட கணக்கை இன்காய்ஸ் விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கோள் தினமும் எண்ணூருக்கு மேல் வராது. ஒரு படம் எடுத்துவிட்டுப் போனால் அடுத்த படத்துக்கு நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். எண்ணெய் காத்திருக்காது.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் அடித்துவரப்பட்டு எண்ணூர்க் கழிமுகத்தை மூடியபோது இந்த வித்தையால் பெரிய பயனில்லை. முகத்துவாரமும் பக்கிங்காம் கால்வாயும் குறுகலானவை. அங்கே தண்ணீர் இயல்பிலேயே அசையாமல் கிடக்கும். நெளிவே இல்லாத தண்ணீர் ரேடாரில் எப்போதும் கறுப்பு. அதில் எண்ணெய் எது, சும்மா தண்ணீர் எது என்று பிரித்துச் சொல்வது கடினம். காட்டுக்குப்பத்தில் படகும் வலையும் கறுத்துப்போனவர்களுக்கு அதைச் சொல்ல ஒரு செயற்கைக்கோள் தேவைப்படவும் இல்லை.

பார்த்தது, ஆனால் சொல்லவில்லை

2004 டிசம்பர் 26. இந்திய நேரம் காலை 6.29-க்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் பிளந்தது. சுமார் இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் வங்கக் கடலுக்கு மேலே தன் வழக்கமான பாதையில் போய்க்கொண்டிருந்தது.

அதிலிருந்தது உயரமானி. நேர் கீழே ஒரு ரேடார் துடிப்பை அனுப்பி, அது கடலில் பட்டுத் திரும்ப எடுக்கும் நேரத்தை வைத்துக் கடல் மட்டத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் சொல்லும் கருவி. அன்று அது நடுக்கடலில் சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு மேட்டைப் பதிவு செய்தது. சுனாமி ஆழ்கடலில் அவ்வளவுதான் இருக்கும். ஒரு கப்பலில் இருப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. கரையை நெருங்கி ஆழம் குறையும்போதுதான் அது எழும்பும்.

ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் சென்னைக் கரையைச் சுனாமி நெருங்கிக்கொண்டிருந்தது. காசிமேட்டில் படகுகள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கின. திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்களில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. நாகப்பட்டினத்தில் நடந்ததைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஜேசன்-1 கையில் இருந்த அந்த 60 சென்டிமீட்டர், தரைநிலையத்துக்கு இறங்கி, கணினியில் கணக்குப் போட்டு, யாரோ ஒரு விஞ்ஞானி பார்த்து அடையாளம் கண்டபோது எல்லாம் முடிந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. அது எச்சரிக்கைக்காக அனுப்பப்பட்ட கோள் அல்ல. அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அளவீட்டைப் படிக்கும்போது மனசு ஒரு கணம் நின்றுவிடும்.

அதன் பிறகுதான் இன்காய்ஸில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கடலடியில் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி, மேலே ஒரு மிதவை, மிதவையிலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சில நிமிடத்தில் தகவல். இங்கே செயற்கைக்கோள் அளக்கவில்லை, தபால்காரர் வேலை பார்க்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இந்த மாதிரி மிதவைகளை வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் போட்டுப் பராமரிக்கிறது. காற்று, அழுத்தம், தண்ணீரின் சூடு எல்லாம் அவை சொல்லும். மேலிருந்து செயற்கைக்கோள் போடும் கணக்கு சரிதானா என்று சரிபார்க்கவும் இவைதான் உரைகல். நடுக்கடலில் ஒரு பொருள் மிதந்தால் அதன் நிழலில் மீன் கூடும். மீன் கூடினால் படகு வரும். படகு வந்து கட்டினால் மிதவை சேதமாகும். அதற்காக மீனவர் ஊர்களில் கூட்டம் போட்டு விளக்க வேண்டியிருக்கிறது.

கூண்டு யாருக்குத் தெரியும்?

புயல் என்றதும் டி.வி-யில் வரும் செய்தி: 'சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் 3-ம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்.' மொத்தம் 11 எண்கள். பகலில் கம்பத்தில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். 10 என்றால் மிகப் பெரிய ஆபத்து. 11 என்றால் அதைவிடப் பெரிய புயல் என்று நினைத்தால், இல்லை. வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். தகவல் வரவில்லை என்பதையே கடைசிக் கட்ட ஆபத்தாக வைத்தவர்களுக்குக் கடல் தெரிந்திருக்கிறது.

துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கூண்டு தெரியும். தங்குகடலுக்குப் போன விசைப்படகுக்குத் தெரியாது. காசிமேட்டுப் படகுகள் ஒரு வாரம், பத்து நாள் என்று ஆந்திரக் கரையோரம் வரை போய்விடுகின்றன. கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே செல்போன் சிக்னல் போய்விடும். வி.எச்.எஃப் வயர்லெஸ் இன்னும் கொஞ்ச தூரம். அதற்கு அப்பால் பக்கத்துப் படகுதான் துணை.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிக்கடலில் மளமளவென்று புயலாக மாறியபோது, குமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் ஏற்கெனவே பல நாள் பயணத் தூரத்தில் இருந்தார்கள். வானத்தில் இன்சாட் அதைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தது. ஸ்கேட்சாட் காற்றை அளந்துகொண்டிருந்தது. எச்சரிக்கை தாமதமாக வந்தது என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அதைவிடக் கொடுமை, வந்த எச்சரிக்கையும் அவர்களைச் சென்றடைய வழியில்லாமல் இருந்தது. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் வீடு திரும்பவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 2019 அக்டோபரில், ஜெமினி என்ற சின்னக் கருவி அறிமுகமானது. விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் செயற்கைக்கோள் வழியாக இன்காய்ஸின் எச்சரிக்கையும் மீன் அறிவிப்பும் நடுக்கடலில் படகிலுள்ள கருவிக்கு வரும். அங்கிருந்து புளூடூத் வழியாகச் செல்போன் திரையில் தமிழிலேயே படிக்கலாம். ஒரே குறை, கரையிலிருந்து படகுக்கு மட்டும்தான் பேச்சு. படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இஸ்ரோ உருவாக்கிய இருவழி டிரான்ஸ்பாண்டர். 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தைப் பிரதமர் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிவைத்தார். எச்சரிக்கை படகுக்குப் போகும். ஆபத்து என்றால் படகிலிருந்து ஒரு பட்டனைத் தட்டினால் இருக்கும் இடத்தோடு கரைக்குச் செய்தி வரும். இத்தனை ஆண்டுக் கடல் அளவீட்டில் ஒரு மீனவக் குடும்பத்துக்கு நேரடியாகப் பொருள் தரும் கருவி எது என்று கேட்டால், இந்தச் சின்னப் பெட்டியைத்தான் சொல்ல வேண்டும். எல்லாப் படகுக்கும் அது போய்ச் சேர்வதும், போன பெட்டி அணைத்து வைக்கப்படாமல் இருப்பதும் மீதி வேலை.

வாட்ஸ்அப் சிவப்பு

கரையில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நவம்பர் வந்துவிட்டால் ஒவ்வொரு குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு செயற்கைக்கோள் படம் வந்து விழும். வங்கக் கடல் முழுக்கச் சிவப்பு. 'இன்னும் 6 மணி நேரத்தில் சென்னை' என்று ஒரு வரி.

அந்தச் சிவப்பு மழை அல்ல. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கும் இன்சாட் கோள்கள் அரை மணிக்கு ஒரு முறை எடுக்கும் அகச்சிவப்புப் படம் அது. மேக உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. உயரமான மேகத்தின் உச்சி மைனஸ் 70 டிகிரிக்கும் கீழே போகும். அதற்குப் பார்ப்பவர் வசதிக்காகச் சிவப்பு பூசியிருக்கிறார்கள். இடிமேகத்தின் உச்சி காற்றில் விசிறி மாதிரிப் பரவி, அடியில் ஒரு சொட்டு மழை இல்லாத ஊரின்மேலும் சிவப்பாக நிற்கும். உண்மையில் மழை எங்கே பெய்கிறது என்று பார்க்க ரேடார் படம்தான் சரி. சென்னைக்கான டாப்ளர் ரேடார், ராஜாஜி சாலையில் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டட உச்சியில் 2002-லிருந்து சுழல்கிறது. அந்த வழியாகப் பேருந்தில் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் வெள்ளைப் பந்து தெரியும்.

இன்னொன்று, செல்போன் செயலியில் கோடு கோடாக ஓடும் அழகான காற்றுப் படம். அது அளவீடு இல்லை; கணினி போட்ட முன்கணிப்பு. செயற்கைக்கோள், மிதவை, பலூன் எல்லாம் கொடுத்த அளவுகளைத் தின்றுவிட்டுக் கணினி சொல்லும் ஊகம். அளவு நன்றாக இருந்தாலும் ஊகம் தடுமாறலாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் அப்படித்தான் எல்லோரையும் அலைக்கழித்தது. புயலாகும் என்றார்கள், ஆகாமலே கரை கடக்கும் என்றார்கள், 29-ம் தேதி புயலானது, 30-ம் தேதி புதுச்சேரி அருகே கரையைத் தொட்டது. அந்த நாட்களில் வானத்துக் கண்களில் எதுவும் பழுதில்லை.

வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் இன்சாட் படமும் சென்னை ரேடார் படமும் இலவசமாகவே கிடைக்கின்றன. இன்காய்ஸ் தளத்தில் அலை உயரமும் கள்ளக்கடல் எச்சரிக்கையும் மாவட்டவாரியாக இருக்கும். கள்ளக்கடல் என்பது, வானம் தெளிவாக, காற்றே இல்லாத நாளில், தூரத்து இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயல் கிளப்பிவிட்ட நீண்ட அலை பல நாள் பயணித்துக் கரையேறுவது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் அலையில் சிக்கி 5 மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். அப்போது அந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. கடற்கரைக்குப் பிள்ளைகளோடு கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.